வாப்பாட நீல லைட்

ஒரு காரின் மீற்றர் விளக்கு என்ன நிறத்தில் எரிய வேண்டும் என்று தீர்மானிப்பது யார்? காரை ஓட்டுகிறவளா, காருக்குச் சொந்தக்காரரா, அல்லது அதில் ஏறிப் போகும் மூன்று வயதுப் பிள்ளையா? கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எங்கள் வீட்டில் பல மாதங்களாக இந்தக் கேள்வி கிடக்கிறது. விடை எனக்கு இன்னும் தெரியவில்லை.

கார் என் கணவருடையது. எங்கள் ஊரில் அப்படிச் சொல்வதற்கு ஒரு கனம் உண்டு. காத்தான்குடியில் கல்யாணம் முடிந்தால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து சேருவார். வீடு என் வாப்பா எனக்குக் கட்டித் தந்தது. கட்டில், அலுமாரி, குசினிச் சாமான் எல்லாம் என் பக்கத்தால் வந்தவை. ஏறாவூரிலிருந்து வந்த என் கணவர் ஓர் உடுப்புப் பெட்டியையும் இந்தப் பழைய ஜப்பான் காரையும் கொண்டுவந்தார். பெட்டி அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது. கார் மட்டும் முற்றத்தில் அவருடையதாகவே நிற்கிறது.

என் உம்மா பகிடிக்காரி. "மருமகனுக்குக் கோவம் வந்தா காருக்குள்ள போய்த்தான் இரிக்கணும். அதுதானே அவர்ர ஊடு" என்பார்.

அவரும் விடமாட்டார். "ஓம் மாமி. அந்த ஊட்டுக்குச் சில்லும் இரிக்கி. கோவம் கூடினா ஊட்டோட போயிருவன்."

மகளுக்கு ஒரு வயது ஆகுமுன் அவர் கட்டாருக்கு வேலைக்குப் போனார். போகும்போது சாவியை என் கையில் தந்தார். "ஓடாமக் கெடந்தா கார் செத்திரும். கிழமைக்கு ஒருக்கா எங்கட உம்மாவப் பாக்கப் போ, காரும் ஓடும்" என்றார். அப்போதுதான் சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்திருந்த எனக்கு அது பெரிய பொறுப்பாகப் பட்டது. ஆனாலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் மகளைப் பக்கத்து ஆசனத்தில் பட்டி போட்டு இருத்தி, கல்லடிப் பாலம் கடந்து, நகரம் கடந்து, ஏறாவூரிலுள்ள மாமியார் வீட்டுக்குப் போய்வந்தேன். மத்தியானச் சாப்பாடு, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு தேத்தண்ணி. மாமியாருக்குப் பேத்தியை விட மனம் வராது. புறப்படும்போது பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை நெருங்கியிருக்கும்.

அந்த நேரத்தில்தான் மீற்றர் கண்ணில் படத் தொடங்கியது. உள்ளே இருந்த பழைய பல்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. வேகம் காட்டும் வட்டத்தில் பாதி தெரியும், மீதி தெரியாது. பெற்றோல் முள் முழு இருட்டுக்குள் இருந்தது. பெற்றோல் போதுமா, ஆளில்லாத சத்துருக்கொண்டான் வெளியில் நின்றுவிடுமா, நின்றால் பிள்ளையோடு என்ன செய்வேன் என்றெல்லாம் யோசித்து, வழியில் காரை ஓரங்கட்டி, போன் டோர்ச்சை மீற்றருக்கு அடித்துப் பார்ப்பேன். போதுமான அளவு இருக்கும். கொஞ்ச தூரம் போனதும் சரியாகப் பார்த்தேனா என்று சந்தேகம் வரும். மறுபடி ஓரங்கட்டுவேன்.

இதைக் கணவரிடம் சொன்னபோது அவருக்கு வந்த உற்சாகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. வேலை, வெயில், சாப்பாடு என்று ஒரே கதையாகப் போய்க்கொண்டிருந்த எங்கள் பேச்சில் புதிதாக ஒன்று கிடைத்துவிட்டது.

"பழைய மஞ்சப் பல்ப் வேணா. எல்.ஈ.டி போடுவம். நீலம். இஞ்ச ஒரு வாகனத்துல பாத்தன், விமானத்துக்குள்ள இரிக்கிற மாதிரி."

"எனக்கு முள்ளுத் தெரிஞ்சாப் போதும்."

"முள்ளென்ன, முள்ளுட நெழலும் தெரியும்" என்றார்.

லீவில் வந்த ஊர்க்காரர் ஒருவரிடம் சாமான் கொடுத்துவிட்டார். பால்மா, மகளுக்கு ஒரு கவுன், அத்தர். ஒரு காலுறைக்குள் சுருட்டி வைத்த குட்டிக் குட்டிப் பல்புகள். ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நகம் அளவுதான்.

அவருக்கு வேலையில்லாத வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு வேலை தொடங்கியது. போனை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்தேன். அவர் அங்கிருந்து பார்த்துச் சொல்ல, நான் இங்கிருந்து கழற்றினேன். மகள் பக்கத்து ஆசனத்தில் இருந்து, கழற்றிய ஆணிகளை ஜாம் போத்தல் மூடியில் ஏந்திப் பிடித்தாள். காரின் கைந்நூல் முழுவதும் ஜப்பான் மொழி. நான் படத்தை மட்டும் பார்த்து, ஏதாவது எச்சரிக்கை எழுதியிருக்குமோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

"மெல்ல இழு. அது வெடிக்காது."

"உடைஞ்சா?"

"உடைஞ்சா நான் வந்து ஒட்டுவன்."

"நீங்க வாறதுக்குள்ள நான் எப்படி ஓட்டுற?"

மகள் போனுக்குக் கிட்டப் போய், "வாப்பா, உம்மாக்கு ஏலாதாம்" என்று அறிவித்தாள்.

"ஏலும் மகள். உங்கட உம்மா கணக்குப் படிச்சவ. பயந்து பயந்து எல்லாத்தையும் செஞ்சிருவா."

மீற்றர் பெட்டி கழன்று கையில் வந்தது. பின்பக்கத்தில் பல்புகள் வரிசையாக இருந்தன. பிடியைக் கால்வாசி திருகினால் வெளியே வரும். புதியதைச் செருகித் திரும்பத் திருகினேன். முதலாவது எரியவில்லை. பழுதாக்கிவிட்டேன் என்று நினைத்துப் போனைப் பார்த்தேன். அவர் சிரித்தார். "கிறுக்கிப் போடு, மற்றப் பக்கமா. இதுக்கு முன்பக்கம் பின்பக்கம் இரிக்கி. பழைய பல்ப் எந்தப் பக்கம் போட்டாலும் எரியும். இது கொஞ்சம் பெருமை புடிச்ச சாமான்." திருப்பிப் போட்டேன். எரிந்தது. "இனி ஒண்டையும் உடாத. எல்லாத்தையும் மாத்து" என்றார். எல்லாவற்றையும் மாற்றினேன்.

எல்லாம் பூட்டிச் சாவியைத் திருப்பியபோது டாஷ்போட் முழுக்க நீலம். முற்றத்து வெயிலிலேயே அது தெரிந்தது. மகள் கைதட்டினாள். அவர், "போனக் கிட்டப் புடி, இன்னும் கிட்ட" என்று கேட்டு, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் படத்தைத் தன் அறையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் காட்டினாராம். "நாங்க ரெண்டு பேரும் சேந்து செஞ்ச" என்று சொன்னாராம்.

போன் திரை எரிந்தால் வாப்பா வருவார் என்று பழகியவள் என் மகள். அதனால்தானோ என்னவோ, அடுத்த நாள் சாவியைத் திருப்பி நீலம் எரிந்ததும் "அஸ்ஸலாமு அலைக்கும் வாப்பா" என்று மீற்றரைப் பார்த்துச் சொன்னாள். அன்றிலிருந்து அது வாப்பாட லைட். கார் புறப்பட்டால் சலாம். நின்றால் "வாப்பா, பொயித்து வாறம்."

ஏறாவூரில் மாமியார் முழங்கால் வலியையும் மறந்து சாரதி ஆசனத்தில் ஏறி இருந்துகொண்டார். "சாவியத் திருப்புகா, பாப்பம்." திருப்பினேன். முகத்தில் நீலம் பட, ஆசனத்தை விட்டு இறங்காமலே வேலிக்கு அப்பால் கத்தினார். "இஞ்ச வாங்கடி, என்ட மகன் கட்டார்ல இரிந்து லைட் போட்டிரிக்கான்!" அயல் பெண்கள் வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக ஏறி இருந்து பார்த்தார்கள். ஒரு சாச்சி, "இதுக்குள்ள பாட்டும் வருமா?" என்றார். "பாட்டுக்கு நீ இரிக்காய்தானே" என்றார் மாமியார்.

புறப்படும் நேரம் கார் 'டக்' என்றது. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

பார்க்க வந்தவர்களே தள்ளவும் வேண்டியதாயிற்று. மாமியார் கதிரை போட்டு இருந்து கட்டளையிட்டார். "தள்ளுங்கடி! புரியாணி அள்ளின கைதானே, காட்டுங்க!" அபாயாவை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர்கள் தள்ள, நான் இரண்டாம் கியரில் கிளச்சை விட, ஒரு குலுக்கலோடு கார் உயிர் பெற்றது. பின்னால் பெரிய ஆரவாரம். மகள் மட்டும் கவலைப்பட்டாள். "வாப்பாக்குக் காச்சலா உம்மா?"

விளக்கை அவ்வளவு நேரம் போட்டுக் காட்டியதால்தான் என்று நினைத்தேன். ஆனால் வீட்டிலும் அதே கதை. இரண்டு நாள் ஓடும், மூன்றாம் நாள் 'டக்'. கடையில் சோதித்தார்கள். பெட்டரி நல்லது என்றார்கள். எந்த வயரைக் கழற்றினேன், எதை மறந்தேன் என்று அன்று செய்ததை மனதுக்குள் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்துக்கொண்டே சோறு ஆக்கினேன். அவரிடம் சொன்னால் தன்னால் வந்தது என்று வருந்துவாரோ என்றும் இருந்தது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. சொன்னேன்.

அவர் இரண்டு நாள் தேடிப் படித்துவிட்டு, சாப்பாட்டு வேளையில் போன் எடுத்தார்.

"அந்தச் செவப்பு பெட்டரி லைட்டையும் மாத்தினியா?"

"நீங்கதானே ஒண்டையும் உடாத எண்டு சென்னீங்க."

அவர் வெடித்துச் சிரித்தார். எங்கள் கார் போன்ற பழைய கார்களில் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு எச்சரிக்கைக்கு மட்டும் இல்லையாம். அதன் வழியாகப் போகும் மின்சாரம்தான் பெட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவை முதலில் எழுப்புகிறது. எல்.ஈ.டி மிகக் கொஞ்ச மின்சாரத்தில் எரிந்துவிடுவதால் டைனமோவுக்குப் போதுமானது போய்ச் சேருவதில்லை. "அது உன்னப் போல. காலையில ஒரு தேத்தண்ணி இல்லாம எழும்பாது" என்றார். அந்த ஓர் இடத்தில் மட்டும் பழைய பல்பைத் திரும்பப் போட்டேன். அதோடு 'டக்' நின்றது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன்.

பகலில் அந்த நீலம் அழகுதான். வெளிச்சம் குறையும் நேரத்தில் அது முன்கண்ணாடியில் ஏறிவிடுகிறது. என் மூக்குக்கண்ணாடியிலும் விழுகிறது. பழைய விளக்கென்றால் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சில்லை உருட்டிக் குறைக்கலாம். இது குறைவதில்லை. உருட்ட உருட்ட முழு வெளிச்சத்தில் நின்று, கடைசியில் படபடவென்று துடித்து அணைந்துவிடும். ஒரு சனிக்கிழமை ஏறாவூரிலிருந்து திரும்பும்போது, தன்னாமுனைப் பக்கம் வாவியை ஒட்டி வந்துகொண்டிருந்தேன். வானத்தில் இன்னும் கொஞ்சம் சிவப்பு இருந்தது. வீதி கறுத்துவிட்டது. கண்ணாடியில் நீல வட்டம். அந்த வட்டத்துக்குள் ஏதோ அசைந்தது போலிருந்து பிரேக்கை மிதித்தேன். நடுவீதியில் ஒரு கறுத்த மாடு படுத்திருந்தது. காரின் மூக்குக்கும் அதன் முதுகுக்கும் இடையில் ஒரு கை வைக்கலாம். மாடு எழும்பவில்லை. அசைபோட்டுக்கொண்டே எங்களைப் பார்த்தது.

மகளுக்கு ஒன்றும் இல்லை. கையிலிருந்த பிஸ்கட் விழுந்ததுதான். "உம்மா, மாட்டுக்கும் வாப்பாட லைட்டக் காட்டுவமா?" என்றாள். மீற்றரின் மேல் சால்வையைப் போட்டு மூடிவிட்டு, மிக மெதுவாக வீடு வந்தேன். பெற்றோல் முள் பழையபடி இருட்டுக்குள் போயிற்று.

அன்றே அவருக்குச் சொன்னேன். "பரவால்ல, பழையத மாத்து. புள்ளயவிட லைட்டா பெரிசு?" என்றார் உடனே. பிறகு பகலில் என்ன கறி என்று கேட்டார். கதைத்து முடிக்கும்போது, "பழைய பல்பெல்லாம் வச்சிரிக்கியா?" என்றார். "ஓம்" என்றேன். "ஆ, நல்லம்" என்றார். அந்த 'நல்லம்' கொஞ்சம் மெதுவாக வந்ததா, அல்லது சிக்னலா என்று எனக்குத் தெரியாது. திரும்ப எடுத்துக் கேட்க யோசித்தேன். கேட்டால் இன்னொரு 'பரவால்ல'தான் கிடைக்கும்.

அடுத்த நாள் காலை ஸ்குரூ டிரைவரும் பழைய பல்புகளுமாகக் காருக்குள் இருந்தேன். முதல் ஆணி கழன்றதும் மகள் வந்து ஏறினாள். ஜாம் மூடியைத் தேடி எடுக்கப்போகிறாள் என்று நினைத்தேன். என் மடியில் ஏறி நின்று, இரண்டு உள்ளங்கையையும் மீற்றர் கண்ணாடியில் வைத்து மறைத்தாள்.

"எடுக்காத உம்மா. மறுகா வாப்பா எங்க இரிப்பாரு?"

வாப்பா கட்டாரில் இருக்கிறார், போனில் வருவார், பெருநாளைக்கு வருவார் என்றெல்லாம் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கையை எடுக்கவில்லை. நான் ஆணியைத் திரும்பப் பூட்டினேன். மாற்றவில்லை என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

இப்போது வெளிச்சத்தோடு போய் வெளிச்சத்தோடு வருகிறேன். அஸருக்கு முன்பே ஏறாவூரிலிருந்து கிளம்பிவிடுகிறேன். மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. "வந்த கையோட போறாய். என்ட கையால ஒரு தேத்தண்ணி குடிக்கவும் நேரமில்லையா?" என்கிறார். காரணம் சொன்னால் மகன் அனுப்பிய விளக்கைக் குறை சொன்னதாகிவிடும் என்று பயந்து, பிள்ளைக்குத் தூக்கம் வருகிறது என்கிறேன். போன கிழமை கணவரும் கேட்டுவிட்டார். "உம்மா கவலப்படுறா. கொஞ்சம் இரிந்துதான் வாங்களன்."

அவர் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு லீவில் வருகிறார். வந்த அன்றே மஃரிப் தொழுதுவிட்டு எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு கல்லடிப் பாலத்தால் போக வேண்டும் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார். ஓட்டப்போவது அவர். அவருடைய கண்ணுக்கு அந்த நீலம் ஒன்றும் செய்யாமலிருக்கலாம். லீவு முடிந்து போன பிறகு திரும்பவும் நான்தான் ஓட்ட வேண்டும்.

இதை வாசிப்பவர்களில் பழைய கார்களுக்கு எல்.ஈ.டி போட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அந்தப் பல்புகளைக் கழற்றாமலே வெளிச்சத்தைக் குறைக்க வழி இருக்கிறதா? மேலே ஏதாவது ஒட்டலாமா, ஒட்டினால் சூடாகி உருகுமா? சிலர் பாதியை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார்கள். அப்படியானால் எந்தப் பாதியை விடுவது? கணவரைத் தூரத்தில் வைத்துக்கொண்டு பிள்ளை வளர்க்கும் சகோதரிகளிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். அவர் வருவதற்கு முன் மாற்றி வைப்பதா, வந்த பிறகு அவருடைய கையாலேயே மாற்றச் சொல்வதா? பிள்ளைக்கு எதைச் சொல்லிக் கையை எடுக்க வைப்பது? உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். பெருநாள் கிட்ட வந்துவிட்டது.