லாரிச் சண்டையை முடித்தவன்

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அடுத்தவர் வயலில் கூலிக்குப் போன வீட்டுப் பிள்ளை நான். பரவை மார்க்கெட்டில் தக்காளிக் கூடை சுமக்க வந்தவன், அதே மார்க்கெட்டில் இரண்டு கமிஷன் கடை போட்டேன். அன்று என்னைப் பார்த்துச் சிரித்த ஆட்கள் பிறகு என் கடைக்குத்தான் சரக்கு அனுப்பினார்கள். வெறும் பாறை என்று யாரும் சீண்டாத இடத்தை வாங்கி, சமயநல்லூரில் ரோட்டை ஒட்டி மாடி வீடு கட்டினேன். எங்கள் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் வந்தது என்னால்தான். மகனை டிப்ளமோ படிக்க வைத்து, வெளிநாட்டுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்ட அனுப்பினேன். மார்க்கெட் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தேன். எங்கள் தெருவிலிருந்து போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நான்.

இம்புட்டும் செய்த என்னால், என் மகனை வீட்டுக்குக் கூட்டி வர முடியவில்லை.

அவன் இருக்கும் நாட்டின் பெயரை எழுத வேண்டாம் என்றான். கம்பெனிக்காரர்கள் பார்த்தால் தொல்லையாம். அந்த நாட்டுத் தலைவர் எங்கேயோ கிடக்கிற இன்னொரு நாட்டோடு சண்டையை ஆரம்பித்தார். அங்குள்ள ஜனத்துக்கே அது பிடிக்கவில்லை. பதிலுக்கு வருகிற குண்டுகள் துறைமுகத்தைச் சுற்றி விழுகின்றன. விமான நிலையத்தை மூடிவிட்டார்கள்.

ஆளுங்கட்சிக்காரரைப் போய்ப் பார்த்தேன். எதிர்க்கட்சிக்காரரையும் பார்த்தேன். இரண்டு பேர் கூட்டத்துக்கும் ஆள் ஏற்ற வண்டி கொடுத்தவன் நான். ஒருவர் மனு வாங்கிக்கொண்டார். மற்றவர் காப்பி வாங்கிக் கொடுத்தார்.

பிறகு அந்த நாட்டில் தேர்தல் வந்தது. சண்டையை நிறுத்துவேன் என்று சொன்னவர் ஜெயித்தார். அன்று மார்க்கெட்டில் கண்ணில் பட்டவருக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன். புது ஆள் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். குண்டு மட்டும் நிற்கவில்லை.

லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் என் சிநேகிதர் டீக்கடையில் வைத்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன மாப்ள, உன் ஆளு ஜெயிச்சும் சண்டை நிக்கலையே?”

“வாங்கிக் குடுத்த டீயத் திருப்பிக் கேக்கவா?” என்றேன்.

“ஆரம்பிச்சவன்தான் போயிட்டான்ல. நிறுத்திட்டேன்னு இவன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான?”

“சொன்னா, பயந்து ஓடியாந்துட்டான்னு பழைய ஆளு ஊரு பூராம் பேசுவான். அந்தப் பயம்தேன்.”

“அம்புட்டும் தெரிஞ்ச ஆளு! ஒரு எட்டு போயி நீயே முடிச்சு வச்சுட்டு வா.”

“முடிச்சவன்தான்யா நான். நம்ம லாரிச் சண்டைய யாரு முடிச்சா?”

“யாரா? அதேன் கல்லுலயே வெட்டி வச்சிருக்கே!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவருக்கு நடந்தது தெரியும். தெரிந்துதான் குத்தினார்.

நடந்தது இதுதான். எனக்கு முன்னால் இருந்த சங்கத் தலைவர், ஒரு லாரிக்காரர் மரியாதை இல்லாமல் பேசிவிட்டார் என்று, வெளியூர் லாரி எதுவும் மார்க்கெட்டுக்குள் வரக் கூடாது என்று நிறுத்தினார். யாருக்கும் அதில் இஷ்டமில்லை. கொட்டாம்பட்டிப் பக்கத்து விவசாயிகள் சரக்கை ஏற்றிவிட வண்டி இல்லாமல் நின்றார்கள். ஏற்கெனவே வந்து இறங்கிய தக்காளியும் வெளியே போக வழியில்லாமல் அழுகி மார்க்கெட்டே நாறியது. “எறங்கி வந்தா என் மானம் என்னாகும்?” என்று அவர் அசையவில்லை. தேர்தலில் அவரைத் தோற்கடித்து நான் வந்தேன்.

வந்ததும் கேட்டைத் திறந்திருக்கலாம். திறந்திருந்தால் அவருடைய ஆட்கள் மறிப்பார்கள், நானும் மல்லுக்கு நிற்பேன், சண்டை என்னுடையதாகிவிடும். நான் நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

“அண்ணே, நீங்க செயிச்சுட்டீங்க. லாரிக்காரன் மன்னிப்புக் கேட்டு ஆள் அனுப்பிட்டான். வண்டி வரட்டும்னு நீங்களே சொல்லிருங்க. கோயில் திருவிழாவுல இந்த வருசம் மொதப் பரிவட்டம் உங்களுக்குத்தேன்” என்றேன். மன்னிப்புக் கேட்கச் சொல்லி அந்த லாரிக்காரரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சியதும் நான்தான்.

சங்கத் தலைவராக இருப்பவரின் தலையில்தான் அந்தப் பட்டுத் துணியைக் கட்டுவது வழக்கம். நான் தலைவரானேனே தவிர, எங்கள் தெருக்காரன் தலையில் அதைக் கட்ட அந்தக் கோயிலில் யாரும் தயாராக இல்லை. அது அவருக்கும் தெரியும். எனக்கே வராத ஒன்றை விட்டுக்கொடுத்தேன் என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். மறுநாள் காலையில் லாரி வந்ததா இல்லையா?

அவருக்கு மேளம் அடித்துப் பரிவட்டம் கட்டினார்கள். சங்கக் கட்டடத்தில் லாரிப் பிரச்சினையைத் தீர்த்துவைத்தவர் என்று அவர் பெயரைக் கல்லில் வெட்டினார்கள். நான் கீழே நின்று கை தட்டினேன்.

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மகன் போன் செய்தான். இந்தக் கதையை அவனிடம் சொன்னேன். சண்டையை ஆரம்பித்தவருக்கு ஒரு பரிவட்டம் கட்டி வீட்டில் உட்கார வைத்தால் புது ஆள் தைரியமாக நிறுத்திவிடுவார் என்றேன்.

“நல்ல யோசனைதான்ப்பா. இங்க யார்கிட்ட போயிச் சொல்ல?” என்று சிரித்தான். சிரிப்புக்குப் பின்னால் அபாயச் சங்கு ஊதுகிற சத்தம் கேட்டது. “கீழ போகச் சொல்றாங்க. வைக்கிறேன்ப்பா. அம்மாட்ட சத்தம் கேட்டுச்சுன்னு சொல்லாத.”

கையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எந்த மார்க்கெட்டிலும் யாரையும் பேசி மடக்குகிறவன் நான். அந்த நாட்டில் பேசுவதற்கு எனக்கு ஒரு வாசல்படி இல்லை. சாயங்காலம் “நல்லா இருக்கேன்” என்று செய்தி அனுப்பினான். அதற்குப் பிறகும் சண்டை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அந்தப் புதுத் தலைவரை நான் முழுசாகக் குற்றம் சொல்ல மாட்டேன். முடிக்கிறவனுக்குக் கெட்ட பெயரும், ஆரம்பித்தவனுக்குப் பட்டுத் துணியும் என்றால் எவன் முன்னால் வருவான்?

ஆகவே சங்கத்தாரைக் கேட்கிறேன். எனக்கு முன்னால் இருந்தவர் பெயரை அழிக்க வேண்டாம். அந்தக் கல்லில் கீழே இடம் இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். சண்டையை முடித்தவன் என்று என் பெயரை அங்கே வெட்டுங்கள். என் மகன் ஊர் வந்து சேரும்போது அது அங்கே இருக்க வேண்டும்.