பரமேசுக்குச் சதை போட நான் பட்ட பாடு

பின்னேரம் ஆறு மணிக்கு “இண்டைக்கு இராவைக்கு என்ன?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் உத்தியோகத்துக்குச் சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது. வேலையால் வந்து செருப்பைக் கழற்றுமுன் அடுப்பை மூட்டுகிற சகோதரிகளே, உங்களுக்கு நான் விளக்கவா வேண்டும்? இரண்டாம் உலக யுத்தகாலத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், அந்த உத்தியோகத்தை நான் பார்த்தேன். முடிந்தவரை மலிவாகவும் பார்த்தேன்.

நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். நான் பள்ளிக்கூட டீச்சர். திரேசா மன்னார்ப் பிள்ளை, ஆஸ்பத்திரியில் தாதி. மூன்றாவது பரமேஸ்வரி, எங்கள் பரமேசு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்தாள். மூன்று பேரிலும் எனக்குத்தான் வேலை வெள்ளன முடியும். அந்த ஒரே குற்றத்துக்காக இராச்சமையல் முழுவதும் என் தலையில் விழுந்தது.

அதோடு ஒரு பாரமும் விழுந்தது. பரமேசு ஈர்க்குச்சி மாதிரி ஒரு பெட்டை. அவளைக் கொழும்புக்கு விட அவளின் தகப்பனுக்குத் துளியும் மனமில்லை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். தட்டானைக் கூப்பிட்டு அவளின் மணிக்கட்டுக்கு இறுக்கமாக ஒரு சோடி காப்புச் செய்வித்துப் போட்டார். அந்தக் காப்பு முழங்கைக்கு ஏறுகிற அளவுக்கு அவள் மெலிந்தால் அடுத்த றெயினில் ஊருக்குக் கூட்டிப்போவது என்று ஏற்பாடு. போனால் திரும்ப விடமாட்டார்கள், பிறகு குசினியும் கிணற்றடியும்தான். வந்த அன்று இதைச் சொல்லிப்போட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டாள்: “அக்கா, என்னை எப்பிடியாவது கொழுக்க வைப்பியளோ?”

கோதம்பை மா

அரிசி கூப்பனுக்கு வந்துவிட்ட காலம். கிடைக்கிற அரிசி மத்தியானச் சோற்றுக்கே காணாது. இராவைக்கு என்று கோதம்பை மாவைத் தந்தார்கள். அதுவரை அந்த மாவை நான் பேக்கரிப் பாணாகக் கண்டிருக்கிறேனே தவிர மாவாகக் கண்டதில்லை. அரிசிமாவுக்குச் செய்கிறது போலக் கொதிதண்ணீர் விட்டுக் குழைத்து, தேங்காய்ப்பூவும் போட்டு, நீத்துப்பெட்டியில் வைத்துப் புட்டு அவித்தேன். கடவுளே! பெட்டியைக் கவிழ்த்தால் பெட்டி அளவில் ஒரே கட்டியாக விழுந்தது. பரமேசு இரண்டு வாய் வைத்தாள். அதற்குமேல் அவளுக்கு வாய் திறக்கவில்லை.

அடுத்த வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டு உம்மா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, மாவை முதலில் சீலையில் கட்டி ஆவியில் அவித்து, அரித்தெடுத்துவிட்டுக் குழைக்கச் சொன்னார். அடுத்த நாள் அப்படியே செய்தேன். புட்டு என்றால் புட்டு, பூப்போல உதிர்ந்தது. சந்தோஷம் தாங்காமல் ஒரு கோப்பையில் போட்டு மதிலுக்கு மேலால் நீட்டினேன். உம்மா வாயில் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நல்லா ஈக்கிது மகள். நேத்தய கட்டிய மட்டும் வீசிப்போட வாணாம், எங்கட கதவு காத்துக்கு அடிக்குது, முண்டு குடுக்க ஒதவும்.”

இல்லாத பூனை

ஒரு பிள்ளை கொழுக்கவேணும் என்றால் மீன் வேணும். விளைமீனும் பாரையும் வாங்க எங்களுக்கு எங்கே கட்டும்? தடியில் கூடை தொங்கவிட்டுக்கொண்டு பின்னேரத்தில் ஒரு சிங்கள மீன்காரர் வருவார். கூடையின் அடியில் மலிவான சாளை கிடக்கும். விலையைக் குறைக்க நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அது எங்களுக்கு இல்லை, “பூஸாட்ட” என்று சிங்களத்தில் சொல்லுவேன். பூனைக்கு என்றால் அவரும் என்ன செய்வார், பாவம், பூனை விலைக்குத் தருவார். எங்கள் வீட்டில் பூனையும் இல்லை, எலியும் இல்லை.

அந்தச் சாளையைப் பழப்புளி விட்டுக் குழம்பு வைத்தால், சும்மா சொல்லக்கூடாது, சட்டி கழுவத் தேவையில்லை. திரேசாவும் பரமேசும் அடிச்சட்டிக்குச் சண்டை பிடிப்பார்கள். இப்படி மாதக்கணக்காக நடந்தது. ஒரு நாள் என் பாட்டில் குந்தி இருந்து, ஒவ்வொரு சாளையாக எடுத்துச் செவுளை விரித்துப் பார்த்து, சிவப்பாக இருக்கிறதை மட்டும் தெரிந்தெடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். மீன்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: “நோனா வீட்டுப் பூனை சரி கெட்டிக்காரன் தானே, செவுள் பாத்து தானே வாங்குறது!”

சித்தப்பாவின் சோதனை

பரமேசின் சித்தப்பா ஒருவர் கொட்டாஞ்சேனையில் கடை ஒன்றில் கணக்குப்பிள்ளை. தனிக்கட்டை. கடைச் சாப்பாட்டிலேயே காலம் தள்ளுகிறவர். தகப்பன் அவரைத்தான் காப்புப் பார்க்க நியமித்திருந்தார். மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் வெள்ளை வேட்டியோடு வந்து இறங்குவார். பரமேசு கையை நீட்டுவாள். சித்தப்பா மிகவும் கவனமாகக் காப்பை மேலே தள்ளிப் பார்ப்பார். எனக்குச் சோதனை மண்டபத்தில் நிற்கிறது போல இருக்கும்.

முதல் தரம் அவர் சாப்பாட்டுக்கு நின்ற அன்று வீட்டில் விசேஷமாக ஒன்றும் இல்லை. வளவுக்குள் நின்ற ஈரப்பலா எங்களுக்குச் சும்மா கிடைக்கிற சாமான். காயை வெட்டி உப்புப் போட்டு அவித்து, செத்தல் மிளகாயும் வெங்காயமும் இடித்த சம்பலும், கொஞ்சம் தேங்காய்ப்பூவும் வைத்திருந்தேன். வெட்கத்தோடுதான் அவருக்கு முன்னால் வைத்தேன். மனிசன் கோப்பையை விட்டு நிமிரவே இல்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஒரு ஏவறை விட்டு, மூஞ்சியைக் கண்டிப்பாக வைத்துக்கொண்டு சொன்னார்: “பிள்ளை கொஞ்சம் மெலிஞ்சுதான் கிடக்கிறாள், டீச்சர். நான் இனிக் கிழமைக்கு ஒருக்கா வந்து பாக்கவேணும்.”

ஒரு கிழமை வைத்தியம்

சொன்னபடி கிழமைக்குக் கிழமை வந்தார். சாப்பிட்டார். அதோடு நின்றாலும் பரவாயில்லை. சோதனை முடிந்தால் சாப்பாடும் முடிந்துவிடும் என்ற பயத்திலோ என்னவோ, ஊருக்குப் போகிற ஒருவரிடம் “இன்னும் வடிவாய்க் கவனிக்கவேணும்” என்று தகப்பனுக்குச் சொல்லிவிட்டார். அது பரமேசின் காதுக்கு வந்தது. அன்றைக்கு அவள் குசினிக்குள் இருந்து விக்கி விக்கி அழுதாள். என்னட்டை ஒப்படைத்த பிள்ளை அல்லவா?

விசர் பிடித்தவள் மாதிரி நான் ஒரு வைத்தியம் தொடங்கினேன். காலையில் நல்லெண்ணெய் விட்ட உழுத்தங்களி. பின்னேரம் வந்ததும் பச்சை முட்டை. இராவைக்குப் புட்டின் மேல் தேங்காய் முதற்பால். படுக்கும்போது வாழைப்பழம். வேண்டாம் என்று அவள் ஒரு நாளும் சொல்லவில்லை, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். நாலாம் நாள் வயிற்றாலே போகத் தொடங்கியது. வந்த கொஞ்சச் சதையும் போய், காப்பு இன்னும் மேலே ஏறியது. கொத்தமல்லித் தண்ணீர் அவித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்துத் திரேசா சொன்னாள்: “இன்னும் ஒரு கிழமை இப்பிடிக் கொழுக்க வைச்சியள் எண்டால், அக்கா, நான் இவளை ஆஸ்பத்திரி வாட்டிலை சேர்க்கவேண்டி வரும்.”

ஐயா வந்தார்

சித்தப்பாவின் சொல் ஊரில் போய் வேலை செய்தது. ஒரு நாள் பொழுதுபடுகிற நேரம் வாசலில் இரண்டு பேர். ஒருவர் சித்தப்பா, ஆடு களவெடுத்தவர் மாதிரி நின்றார். மற்றவர் உயரமாக, தோளில் சால்வையோடு, பரமேசின் தகப்பன். மகளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. கையைப் பிடித்துக் காப்பைத் தள்ளினார். காப்பு எந்தத் தடையும் இல்லாமல் போய் முழங்கையில் நின்றது. அவரின் முகம் அப்படியே விழுந்துவிட்டது.

“வெளிக்கிடு பிள்ளை. நாளைக்கு இரவு றெயின்” என்றார். பேச்சில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் சண்டைக்குப் போயிருப்பேன். அந்த மனிசனுக்குக் கண் கலங்கி இருந்தது. பரமேசு உள்ளே வந்து சட்டியைத் துழாவினாள். குழம்பு இன்னும் வைக்கவில்லை, சட்டியில் துழாவ ஒன்றும் இல்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

இராச்சாப்பாடு என்னவோ வழமையானதுதான். கோதம்பை மாப் புட்டு, சாளைக் குழம்பு, முருங்கையிலைச் சுண்டல். பரமேசு ஊர்ப் பழக்கப்படி இரண்டு கோப்பையை மட்டும் வைத்து, அகப்பையோடு சுவரோரம் நின்றாள். ஆம்பிளைகள் சாப்பிட்டு எழும்பத்தானே பெண்கள் இருப்பது! ஆனால் அது இருட்டடிப்புக் காலம். யன்னலெல்லாம் கறுப்புக் கடதாசி, இருப்பது ஒரு விளக்கு, மண்ணெண்ணெயும் கூப்பனுக்கு. இரண்டு பந்திக்கு விளக்கு எரிக்க என்னால் முடியாது. இருந்த ஆத்திரத்தில் கொஞ்சம் வெடுக்கென்றே சொன்னேன்: “ஐயா குறை நினைக்கக்கூடாது, இந்த வீட்டிலை எல்லாருக்கும் ஒரே விளக்கு, ஒரே பந்தி.” ஐயா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். சித்தப்பா வழக்கம்போல முதல் ஆளாகச் சப்பணம் கட்டி இருந்துவிட்டார். வேறு வழியில்லாமல் ஐயாவும் இருந்தார்.

ஐந்து பேரும் சட்டியைச் சுற்றி இருந்தோம். பரமேசு முதலில் தலையைக் குனிந்துகொண்டு கொறித்தாள். திரேசா சும்மா இருக்கிறவளா? அன்று வாட்டில் ஒரு நோயாளி தன் கஞ்சியைப் பக்கத்துக் கட்டில்காரருக்கு விற்ற கதையை எடுத்துவிட்டாள். பரமேசுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் தகப்பன் இருக்கிறதை மறந்துவிட்டாள். “அக்கா, இன்னும் கொஞ்சம் புட்டு” என்று கோப்பையை நீட்டினாள். போட்டேன். அதையும் முடித்துவிட்டுத் திரும்ப நீட்டினாள். கடைசியில் திரேசாவின் கையைத் தட்டிவிட்டு அடிச்சட்டியைத் தன் பக்கம் இழுத்து, புட்டைப் போட்டு உருட்டித் துடைத்து வாயில் போட்டாள்.

நான் தற்செயலாக ஐயாவைப் பார்த்தேன். அவரின் கை கோப்பையில் அப்படியே நின்றது. சாப்பிடவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “இவள் எப்பவும் இப்பிடித்தானோ?” என்று தம்பியை மெதுவாகக் கேட்டார். சித்தப்பா வாய் நிறையப் புட்டோடு தலையை ஆட்டினார். ஐயா கை கழுவினார், வெற்றிலை போட்டார், விளக்கையும் அணைத்தாயிற்று. ‘நாளைக்கு இரவு றெயின்’ என்று மறுபடி சொல்லப்போகிறார் என்று நான் இருட்டுக்குள் காத்துக்கொண்டு நின்றேன். தம்பியோடு புறப்பட வாசலில் செருப்பைப் போடும்போது தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: “வீட்டிலை நானும் பொடியங்களும் சாப்பிட்டு எழும்பின பிறகுதான், பிள்ளை, இவளும் தாயும் இருக்கிறவை. என்ன மிஞ்சினது எண்டு நான் ஒரு நாளும் எட்டிப் பாத்ததில்லை. என்ரை பிள்ளை சாப்பிடுறதை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன். இருக்கட்டும், அவள் இஞ்சையே இருக்கட்டும்.”

அதற்குப் பிறகும் எத்தனையோ வருஷம் ஒன்றாக ஆக்கித் தின்றோம், பரமேசு ஒரு சுற்றுக்கூடப் பருக்கவில்லை, அந்த வீட்டுச் சாப்பாட்டில் கொழுத்தது நானும் சித்தப்பாவும் மட்டுந்தான்.