சென்டர் ஸ்பீக்கருக்கு நான் போட்ட பெயில்

1. வியாழக்கிழமைத் தீர்ப்பு

“உங்க செட் பெயில் பாய். சென்டரையும் வூஃபரையும் மாத்தி ஒயர் பண்ணியிருக்கீங்க.”

இதை நான் சாகுல் பாயிடம் சொன்னது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். சொல்லும்போது எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை.

தென்னூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் இருபத்திரண்டு வருஷமாக நான் டெஸ்டிங் பார்க்கிறேன். மவுஸ் முதல் மானிட்டர் வரை எதுவும் என் மேஜையைத் தாண்டித்தான் ஷெல்ஃபுக்குப் போகும். பாஸ் என்று எழுதினால் விற்பனைக்கு, பெயில் என்று எழுதினால் வந்த வழியே திரும்பிப் போகும். ஸ்பீக்கர் என்றால் கடையில் வேறு யாரும் வாயே திறக்க மாட்டார்கள். “மெஹருன்னிசா காது சொல்லிடுச்சு, அவ்வளவுதான்” என்பார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

சாகுல் பாய் பதினாலு வருஷம் சவுதியில் பெரிய ஹால்களுக்கு சவுண்ட் சிஸ்டம் மாட்டிக்கொண்டிருந்தவர். ஊர் திரும்பி, துவாக்குடியில் ஒரு ஷெட் பிடித்து, நாலு பேரை வைத்துக்கொண்டு, வீட்டுக் கம்ப்யூட்டருக்கான 5.1 ஸ்பீக்கர் செட் செய்ய ஆரம்பித்திருந்தார். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, பேச்சுக் குரலுக்கென்று நடுவில் ஒரு சென்டர், அதிர்வுக்கு மேஜைக்கு அடியில் ஒரு வூஃபர். டெஸ்டில் பாஸானால் அறுபது செட் எடுத்துக்கொள்வதாக எங்கள் முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். இல்லையென்றால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வழக்கமான கம்பெனிக்கே ஆர்டர் போய்விடும்.

அந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் பாய் ஷெட்டைப் பூட்டிவிட்டு மறுபடியும் சவுதிக்குப் போக வேண்டியதுதான். விசா தயாராக இருந்தது. இதை அவர் வாயால் சொல்லவில்லை. ஷெட்டில் சாலிடரிங் பார்க்கும் செல்வி செட்டைக் கொண்டுவந்து வைத்தபோது சொன்னாள்.

முதலாளி தொட்டியத்துக்காரர், வாழைத்தார் வியாபாரக் குடும்பம். ஸ்பீக்கர் சோதிப்பதில் அவருக்கென்று ஒரு முறை இருக்கிறது. சத்தமாகப் பாட்டு வைத்து, வூஃபர் ஓட்டைக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டுவார்.

“காத்து நல்லா வருதும்மா. பாஸ்தானே?”

“காத்துக்கு ஃபேன் வாங்கிக்கலாம் சார். கொஞ்சம் தள்ளுங்க” என்றேன்.

நான் செய்வது வேறு. முதலில் எதையும் ஓடவிடாமல் வால்யூமை முழுக்கத் திறந்து, ஒவ்வொரு ஸ்பீக்கர் வலையிலும் காதை வைத்துக் கேட்பேன். மட்டமான செட் அப்போதே ‘ஸ்ஸ்’ என்று இரையும். பாயின் செட் மூச்சே விடவில்லை. பின் ஸ்பீக்கர்களுக்கு நீளமான ஒயர் கொடுத்திருந்தார். ஹாலைச் சுற்றிச் சுவரோரமாகவே இழுத்துவிடலாம். வால்யூம் திருகு வெண்ணெயாகத் திரும்பியது. எனக்கே உற்சாகம் தாங்கவில்லை. கடைசியாக டெஸ்ட் ஃபைலைப் போட்டேன். அதில் ஒரு பெண் குரல் ஒவ்வொரு ஸ்பீக்கரின் பெயரையும் அந்தந்த ஸ்பீக்கரிலிருந்தே சொல்லும். லெஃப்ட் சரி, ரைட் சரி. ‘சென்டர்’ என்ற சொல் மட்டும் மேஜைக்கு அடியில் வூஃபரிலிருந்து, பானைக்குள் தலையை விட்டுப் பேசினாற்போல வந்தது. மேலே இருந்த சென்டர் ஸ்பீக்கர் வாயை மூடிக்கொண்டிருந்தது.

5.1 செட்டில் சென்டருக்கும் வூஃபருக்கும் சேர்த்து ஒரே ஆரஞ்சு பின்தான். அதற்குள் இரண்டு ஒயரை இடம் மாற்றிப் பற்றவைத்தால் இப்படித்தான் ஆகும். கற்றுக்குட்டித் தப்பு. சாம்பிளிலேயே இப்படி என்றால் அறுபது செட்டை எப்படி நம்புவது?

பாய் என் முகத்தையே பார்த்தார். “ஒயரிங் நானே கைப்படப் பாத்ததுக்கா. என் மெஷின்ல சரியா பேசுது. நீங்க எந்த மெஷின்ல போட்டீங்க?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “எல்லாருக்கும் அவங்கவங்க மெஷின்ல சரியாத்தான் பேசும் பாய்” என்றேன்.

அவர் செட்டைத் தூக்கி வேனில் வைத்துக்கொண்டு போனார்.

2. ஸ்ரீரங்கத்தில் ஒரு டிக்

மறுநாள் காலை ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டுக்கு 5.1 செட் மாட்டப் போக வேண்டியிருந்தது. வழக்கமாகப் போகும் ஆள் லீவு. வீடுகளுக்கு நான் போவது வருஷத்தில் ஒன்றிரண்டு முறைதான். எங்கள் கடையில் அதிகம் விற்கும் செட்டையே எடுத்துக்கொண்டு போனேன்.

வீட்டுக்காரர் ஆராவமுதன், இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. அவர் அப்பாவின் திருநட்சத்திரத்தன்று, அதாவது பிறந்த நட்சத்திர நாளில், வீட்டில் கோஷ்டி நடந்திருக்கிறது. இரண்டு வரிசையாக எதிரும் புதிருமாக உட்கார்ந்து பாசுரம் சேவித்திருக்கிறார்கள். ஆராவமுதன் ஹாலில் ஐந்து மைக் வைத்து ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனி சேனலில் பதிவு செய்திருந்தார்.

“ஹெட்போன்ல கேட்டா எல்லாரும் என் தலைக்குள்ள ஒக்காந்துண்டு சேவிக்கறா. நேக்கு கோஷ்டிக்கு நடுவுல ஒக்காந்து கேக்கணும். அவ்வளவுதான்” என்றார்.

கம்ப்யூட்டர் அவர் வேறெங்கோ புதிதாக வாங்கியது. பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று பின்களையும் செருகிப் பதிவை ஓடவிட்டேன். இரண்டு வரிசையும் இரண்டு பக்கமும் அழகாக எழும்பின.

ஆராவமுதன் முகம் சுளித்தார். “எங்க அப்பா நடுவுல ஒக்காந்து மொதல் அடியை எடுத்துக் கொடுக்கறார். அவர் குரல் மட்டும் பூமிக்கு அடிலேர்ந்து வர்றதே?”

ஆமாம். மேஜைக்கு அடியிலிருந்து, அதே பானைக் குரல்.

நான் பதறவில்லை. சவுண்ட் செட்டிங்ஸைத் திறந்தேன். அங்கே ‘சென்டர், வூஃபர் இடம் மாற்று’ என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. என் விரல் தானாகப் போய் அதில் டிக் போட்டது. பெரியவர் குரல் சட்டென்று எழும்பி மேஜைக்கு மேலே, நட்டநடுவில் வந்து உட்கார்ந்தது.

“பேஷ்! அப்பா எழுந்தருளிட்டார்!” என்று ஆராவமுதன் கைதட்டினார்.

நான் மவுஸைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் விரல் யோசிக்காமல் ஏன் அங்கே போனது?

அப்போதுதான் ஞாபகம் வந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் இந்த செட்டின் முதல் லாட் வந்தபோது, அதில்தான் சென்டரும் வூஃபரும் இடம் மாறி இருந்தன. அப்புறம் வந்த லாட்டுகளும் அப்படியேதான். திருப்பி அனுப்ப முதலாளிக்கு மனசில்லை. “செட்டிங்ல ஒரு டிக் போட்டா சரியாயிடும் சார்” என்று சொன்னது நான்தான். டெஸ்டிங் மெஷினில் டிக் போட்டவள் நான். கடையிலிருந்து போகும் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் அந்த டிக்கைப் போட வேண்டும் என்று அசெம்பிளி பட்டியலில் ஒன்பதாவது வரியாக எழுதிக் கொடுத்தவளும் நான்தான். அப்புறம் மறந்தே போனேன். கோணலான செட் அந்த மெஷினில் நேராகப் பேசியது. நேரான செட்டை வைத்தால் அது கோணலாகத்தானே பேசும்!

டிக்கை எடுத்தேன், பானைக் குரல். போட்டேன், நேர்க் குரல். எடுத்தேன், போட்டேன். ஆராவமுதன் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“சார், இன்னொரு செட் கொண்டு வரேன். உங்க மெஷின்ல போட்டுக் காட்டணும். இருப்பீங்களா?”

“ஆத்துலதான் இருப்பேன். மொதல்ல ஒரு வாய் மோர் சாப்பிடுங்கோ, மூஞ்சி வெளிறிப் போயிருக்கு.”

நின்றபடியே குடித்துவிட்டு வெளியே ஓடினேன்.

3. செருப்புகளுக்கு நடுவே

சாகுல் பாய் போன் சுவிட்ச் ஆஃப். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, மணி பன்னிரண்டே முக்கால். ஜும்ஆ தொழுகை நேரம். செல்விக்குப் போட்டேன்.

“பாய் ஜும்ஆ முடிச்சுட்டு நேரா ஏஜென்டைப் பாக்கப் போறாருக்கா. பாஸ்போர்ட்டும் கையில எடுத்துட்டுப் போயிட்டாரு.”

ஆட்டோ பிடித்தேன். காவேரிப் பாலத்தில் முன்னால் போன ஒவ்வொரு பஸ்ஸும் எனக்கென்றே மெதுவாக ஊர்ந்தது. பெரிய கடைவீதிப் பக்கம் பாய் வழக்கமாகத் தொழும் பள்ளிவாசல் எனக்குத் தெரியும். போய்ச் சேர்ந்தபோது உள்ளே தொழுகை நடந்துகொண்டிருந்தது. வாசலில் நூற்றுக்கணக்கான செருப்புகள். அத்தர் விற்கிறவர் பக்கத்தில் ஒதுங்கி நின்றேன். ஒரே வாசல்தான், எப்படியும் இந்த வழியாகத்தான் வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“பின்பக்கமும் ஒரு வாசல் இருக்கும்மா” என்றார் அத்தர்காரர், சர்வ சாதாரணமாக.

இங்கே நிற்பதா, அங்கே ஓடுவதா? யோசித்து முடிப்பதற்குள் கூட்டம் வெளியே வர ஆரம்பித்துவிட்டது. வெள்ளைத் தொப்பிகளுக்கு நடுவே பாயின் தலை தெரிந்ததும், எனக்கு எங்கிருந்து அவ்வளவு குரல் வந்ததோ தெரியவில்லை.

“சாகுல் பாய்! உங்க ஒயரிங் சரி பாய்! என் மெஷின்தான் தப்பு!”

வீதியே திரும்பிப் பார்த்தது. பாய் ஒரு காலில் செருப்போடு நின்றார். “என்னக்கா சொல்றீங்க?”

மூச்சுவாங்க டிக் கதையைச் சொன்னேன். “செட் எங்க?”

“வேன்லயே கெடக்குது. இறக்கி வைக்க மனசு வரல.”

4. கண்ணை மூடிக்கொண்டு ஒரு பரீட்சை

இரண்டரை மணிக்கு ஸ்ரீரங்கத்தில் இருந்தோம். அந்த டிக்கை எடுத்துவிட்டு, பாயின் செட்டை மாட்டினேன்.

என் காது மேல் அன்றைக்கு எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால் ஆராவமுதனிடம் சொன்னேன்: “சார், கோஷ்டியில யார் எங்க உக்காந்திருந்தாங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும். கண்ணை மூடிக்கிட்டு, குரல் வர்ற இடத்தைக் கையால காட்டுங்க.”

நாற்காலியை நடுவில் போட்டுக் கண்ணை மூடினார். பதிவு ஓடியது.

“அப்பா” என்று நேர் முன்னால் காட்டினார். “இது சின்ன மாமா” என்று இடது. “ரங்கராஜன் ஸ்வாமி, அவருக்கு ஜலதோஷம்” என்று வலது பின்பக்கம். திடீரென்று பின்னால் திரும்பிக் கண்ணைத் திறந்துவிட்டார். “பின்னாடி யாரோ வெத்தலைச் செல்லத்தை மூடற சத்தம்! இது அந்த செட்ல கேக்கவேயில்லையே!”

இரண்டு செட்டையும் மாற்றி மாற்றிப் போட்டோம், ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய செட்டிங்கோடு. வெற்றிலைப் பெட்டியை மூடும் அந்தச் சத்தம் பாயின் செட்டில் மட்டும்தான் கேட்டது. பாய் சுவரில் சாய்ந்து, தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை மட்டும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. நானும் வேறு பக்கம் பார்த்தேன்.

மூன்று மணிக்கு முதலாளிக்குப் போன் போட்டேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

“நாலு வருஷமா தப்பான மெஷின்லயா டெஸ்ட் பண்ணிக்கிட்டிருக்கோம்?”

“நாம இல்ல சார். நான்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“சரி, அந்த பாய் செட்டுல காத்து நல்லா வந்துச்சே?”

“நல்லா வருது சார்.”

“அப்பவே சொன்னேன்ல? அறுபது போடச் சொல்லு.”

பாய் என் எதிரிலேயே ஏஜென்டைக் கூப்பிட்டார். “அந்த விசாவை வேற யாருக்காவது குடுத்துடுங்க. அல்ஹம்துலில்லாஹ், இங்கயே வேலை இருக்கு.” ஆராவமுதன் அவர் செட்டையே வைத்துக்கொண்டார். எங்கள் பழைய செட்டை நான் ஆட்டோவில் திருப்பி எடுத்துப் போனேன். வழியெல்லாம் எனக்குச் சிரிப்பாக வந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் இரண்டு தடவை பார்த்தார்.

5. ஏழு பெயர்கள்

கடைக்குப் போனதும் டெஸ்டிங் மெஷினில் அந்த டிக்கை எடுத்தேன். அசெம்பிளி பட்டியலின் ஒன்பதாவது வரியை அடித்தேன். பிறகு டெஸ்டிங் நோட்டைத் திறந்தேன். அதுவரை இருந்த சிரிப்பு போய்விட்டது.

நாலு வருஷத்தில், ‘ஒயரிங் தலைகீழ், பெயில்’ என்று என் கையெழுத்தில், சாகுல் பாயுடையதைத் தவிர, இன்னும் ஏழு இடங்களில் இருந்தது. எல்லாம் சாகுல் பாய் போன்ற சின்னச் சின்னத் தயாரிப்பாளர்கள்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சாமானைச் சோதிக்கும் முன்னால், சோதிக்கிற மெஷினைச் சோதியுங்கள். ஒரு கோளாறுக்குத் தற்காலிகமாக ஒட்டுப் போட்டால், எதற்காகப் போட்டது என்று பக்கத்திலேயே எழுதி வையுங்கள். எதிரில் நிற்கிறவர் ‘எந்த மெஷின்?’ என்று கேட்டால் கோபப்படாதீர்கள். அது நல்ல கேள்வி.

மறுநாளே ஏழு பேருக்கும் போன் போட ஆரம்பித்தேன். இரண்டு நம்பர் உபயோகத்தில் இல்லை. நாலு பேர் எடுத்தார்கள். ஒருவர் திட்டினார், வாங்கிக்கொண்டேன். ஏழாவது ஆள் ஸ்பீக்கர் தொழிலையே விட்டுவிட்டு இப்போது மொபைல் கவர் விற்கிறாராம். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

“அப்ப என் ஒயரிங் சரிதானா மேடம்?”

“சரிதான் சார். முழுக்கச் சரி.”

“ஒரு நிமிஷம். போனை என் வீட்டுக்காரிகிட்ட தரேன். இதையே அவகிட்ட ஒரு தடவை சொல்றீங்களா?”

சொன்னேன்.