நடுங்கிய கோட்டில் முளைத்த பாகற்கொடி

எங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு பழுப்பு அட்டை சட்டம் போட்டுத் தொங்குகிறது. கடைச் சரக்குப் பெட்டிக்குள் அடுக்குக்கு அடுக்கு நடுவில் வைத்து வருமே, அந்தச் சாதாரண அட்டைதான். அதில் கறுப்புப் பேனாவால் என் நாத்தனார் போட்ட கோடுகள்: மீன் செதில், அலை, கயிற்றுப் பின்னல், மறுபடியும் மீன் செதில். ஓர் ஓரத்தில் மட்டும் ஒரு கோடு வழி தவறித் துள்ளி ஓடியிருக்கும். அது முடிகிற இடத்தில் ஒரு பாகற்கொடி கிளம்பி, சுருள் சுருளாக அட்டையில் பாதியைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

நானும் அவளும் ஒரகடத்தில் ஒரே கம்பெனி, ஒரே லைன். கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டாகக் கட்டிக் கொடுப்பது எங்கள் வேலை. ஒயர் நுனியிலுள்ள பொடி ‘பின்’னை, கனெக்டரில் அதற்கென்று உள்ள ஓட்டையில் சொருக வேண்டும். தள்ளு, கிளிக் சத்தம் கேள், இழுத்துப் பார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். கொஞ்ச நாளிலேயே என்னைத் தாண்டிப் போய்விட்டாள், திமிர் பிடித்தவள். அப்புறம் வடக்குப்பட்டுத் திருப்பத்தில் வண்டி சறுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் விரல்கள் நடுங்கின.

மறுபடி லைனில் உட்கார வேண்டுமானால் பரீட்சை எழுதுவதுபோல ஒரு சோதனை உண்டு. தேறாவிட்டால் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு சரி. வீட்டிலோ என் மாமியார், “ஒடைஞ்ச கைய வெச்சிகினு இன்னாத்துக்கு வேல?” என்று மாப்பிள்ளை தேடவே ஆரம்பித்துவிட்டார். முதல் சோதனையில் அவளுக்குக் கை நடுங்கி, மஞ்சள் ஒயர் பச்சையின் ஓட்டைக்குள் போய்விட்டது. அவ்வளவுதான், மிச்ச ஒயர்களை அப்படியே போட்டுவிட்டு அழுதுகொண்டே வெளியே வந்தாள். டிரெய்னிங் சார் நல்ல மனிதர், மாதம் முடிவதற்குள் இன்னொரு தடவை வரச் சொன்னார்.

அந்த நாட்களில்தான் இந்தக் கோடு போடும் பைத்தியம் பிடித்தது. போனில் பார்த்த வீடியோவில் யாரோ ஒரு பெண், ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பக்கத்தை நிரப்பிக்கொண்டிருந்தாளாம். நம்மவள் தெருமுனைக் கடையில் அட்டைகளைக் கேட்டு வாங்கி வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு எரிச்சலான எரிச்சல்.

“இன்னாடி இது, டெஸ்ட்டை வெச்சிகினு கிறுக்கிகினு கீற?”

“சும்மா இரு அண்ணி. கோடு போடறப்போ மூச்சு தானா அடங்குது. கையும் கூடவே அடங்குது.”

பென்சிலையும் ரப்பரையும் நீட்டினேன். அழிக்கவே கூடாதாம், அடுத்த கோட்டை மட்டும் பார்க்க வேண்டுமாம். நானும் வீம்புக்கு ஓர் அட்டையை எடுத்தேன். என் அலைகளெல்லாம் இட்லியாக வந்தன. ஆனாலும் பத்துப் பன்னிரண்டு இட்லி போட்டதும், காலையிலிருந்து சூப்பர்வைசர் மேல் இருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

ஒருநாள் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் விரல் வெட்டி இழுத்து, கோடு துள்ளியது. பேனாவை வீசப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ தலையைச் சாய்த்து அந்தக் கோட்டையே பார்த்தாள். “இது ரீவொர்க்குக்கு அண்ணி” என்றாள். எங்கள் லைனில் அது ஏறக்குறைய ஒரு வசவு. தப்பாகப் போன ஒயரை ஊசியால் கழற்றி மறுபடி சொருகும் வேலைக்கு அந்தப் பெயர். ரீவொர்க் என்று ஒரு பெட்டி திரும்பி வந்தால் அன்றைக்கு எங்கள் மானம் போய்விடும். அந்த வார்த்தையைச் சிரித்துக்கொண்டே சொன்னவளை அன்றுதான் பார்த்தேன். சொல்லிவிட்டுக் கோட்டின் நுனியில் ஒரு சுருள் போட்டாள், ஓர் இலை வைத்தாள். பொழுது சாய்வதற்குள் கொடி பாதி அட்டைக்குப் படர்ந்துவிட்டது.

இரண்டாவது சோதனையைக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். பாதியில் அவள் கை வெட்டி இழுத்தது. அதே மஞ்சள் ஒயர், அதே பச்சையின் ஓட்டை! போச்சுடா என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் அவள் எழுந்திருக்கவில்லை. கையை மேஜைமேல் வைத்து ஒரு மூச்சு விட்டாள். ஊசியை எடுத்து ஒயரைக் கழற்றினாள், சரியான ஓட்டையில் தள்ளினாள், இழுத்துப் பார்த்தாள், அடுத்த ஒயருக்குப் போனாள். நேரத்துக்குள் திருத்திக்கொள்ளலாம் என்பது முதல் தடவையும் விதியில் இருந்ததுதான். பயத்தில் யாருக்கு ஞாபகம் வரும்?

மணி அடிப்பதற்கு முன்பே முடித்துவிட்டாள். சார் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, “நாளைக்கு லைனுக்கு வந்துடும்மா” என்றார். “அட்றா சக்க!” என்று நான் போட்ட சத்தத்தில் லைனே திரும்பிப் பார்த்தது. திட்டு விழுந்தது. விழட்டுமே!

இன்று அதே டிரெய்னிங் அறையில் புதுப் பெண்களுக்குக் கற்றுக்கொடுப்பவள் அவள்தான். ஒயரைத் தொடுமுன் எல்லாரையும் அட்டையில் கோடு போட வைக்கிறாள். மழைக்காலத்தில் அவள் விரல்கள் இன்னும் லேசாக நடுங்கும், அதை அவள் மறைப்பதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் சட்டத்துக்கு முன்னால் நின்றால், நேராகப் போன கோடுகளை யாரும் பார்ப்பதில்லை. கொடியைத்தான் விரலால் தொட்டுக் காட்டி, “இத மட்டும் எப்டிம்மா போட்ட?” என்று கேட்கிறார்கள்.

அவள் நிமிர்ந்து நின்று சொல்வாள்: “அங்கதான் கை நடுங்குச்சு.”