கரடி கரையேறும் சலூன்

"ஆடாம இரு கண்ணு. அப்பாக் கரடி இப்பதான் தண்ணியில கால வைக்குது. நீ ஆடினா அது வழுக்கிடும்."

நாற்காலியின் இரு கைகளுக்கும் குறுக்கே போட்ட பலகைமேல் உட்கார்ந்திருக்கும் பொடியன் மூச்சைக்கூட அடக்கிக்கொள்கிறான். அதற்குள் காதோரம் கத்தரி வேலையை முடித்துவிடுகிறது. குட்டியை முதுகில் சுமந்த கரடி அக்கரை சேரும்போது கழுத்துக்குப் பவுடர் போட்டாகிவிடும். தெருப் பிள்ளைகளுக்கு இவர் கரடி மாமா. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்துக் கடைக்காரரே சற்று யோசிப்பார்.

கதை சினிமாவில் வந்ததுதான். மகளோடு போய்ப் பார்த்தவர், அவளுக்காக மூலப் புத்தகத்தையும் வாங்கினார். அங்கேதான் வந்தது வினை. படத்தில் ஆறு நீலமாக ஓடும், கரடி பாட்டுப் பாடும், கரையேறி உடம்பைச் சிலுப்பும்போது தியேட்டரே கைதட்டும். புத்தகத்தில் பாட்டும் இல்லை, கூத்தும் இல்லை. கறுப்பு மசியில் இருட்டு ஆறு. கடைசிப் பக்கத்தில், கரையில் குட்டி மட்டும். அதைப் படித்த அன்று, பாதி நுரை பூசிய வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு வாசலில் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார் மனுஷன்.

"படம் எடுத்தவரு புள்ளகுட்டிக்காரரு போல. புக்கு எழுதினவருக்கு நெஞ்சுல ஈரமே இல்ல சார்," என்று வருகிறவர்களிடமெல்லாம் புலம்பினார். புத்தகம் மேல்தட்டில், துண்டுகளுக்குப் பின்னால் போய்விட்டது. மகள் கேட்டால், "படம் மாதிரியேதான் இருக்கும்மா, புதுசா ஒண்ணுமில்ல." அவளோ எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தாள். கடைப் பலகையைக்கூட விடுவதில்லை. பிள்ளை பயந்துவிட்டால் என்ன செய்வது?

போன வாரம் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தபோது கண்ணாடியில் பார்த்தார். மகள் ஸ்டூல் போட்டு ஏறிப் புத்தகத்தை எடுத்திருக்கிறாள். பெஞ்சில் உட்கார்ந்து, வரிமேல் விரலை வைத்துக் கடைசிப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்ப் பிடுங்கலாம் என்றால் கத்திக்குக் கீழே அடுத்தவர் கழுத்து. ஒருவழியாக அவரைத் துடைத்து அனுப்பிவிட்டுத் திரும்பினார். அவள் அழவில்லை.

"ஏம்பா பொய் சொன்ன?"

"நீ பயந்துடுவேன்னுதாம்மா."

"நீ சரியா பாக்கல. குட்டி நிக்கலப்பா, நடந்து போகுது. அப்பாக் கரடி சொல்லிக் குடுத்த வழியிலயேதான் போகுது."

புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். ஆமாம், மணலில் சின்னச் சின்னக் கால்தடங்கள். இல்லாத கரடிக்காக அழுத அவசரத்தில் நடக்கிற குட்டியை அவர் கவனிக்கவே இல்லை.

அந்த நேரம் பார்த்து அடுத்த பொடியன் அம்மாவின் இடுப்பிலிருந்து பலகைக்கு மாறினான். "மாமா, கரடி எங்க?" அவர் இன்னும் அந்தக் கால்தடங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரையேறிடுச்சுடா," என்றாள் மகள். "ஒடம்பச் சிலுப்பிச்சு பாரு, தண்ணி உன்மேல தெறிச்சுது." தண்ணீர் பீய்ச்சும் பாட்டிலை எடுத்து அவன் தலையில் லேசாக ஒரு பீய்ச்சு பீய்ச்சினாள். பொடியன் கெக்கெக்கென்று சிரித்தான்.

பிறகு அப்பா கையிலிருந்த புத்தகத்தை வாங்கிக்கொண்டு, ஸ்டூலில் ஏறி, துண்டுகளுக்குப் பின்னால் பழைய இடத்திலேயே ஒளித்து வைத்தாள்.