ஹோய் ஆன் பாலத்தில் பிடித்த கை

பேய்க்கதை பேசுகிற இடத்திலிருந்து எழுந்து போய்விடுகிற ஆள் நான். பயத்தில் இல்லை, சலிப்பில். ஜார்ஜ் டவுனுக்குப் பக்கத்தில், பாயான் பாருவில் ஒரு பேக்டரியில் பத்தொன்பது வருஷமாக லென்ஸ் வழியாக சர்க்யூட் போர்டைப் பார்த்துப் பழுது கண்டுபிடிப்பதுதான் என் வேலை. கண்ணில் படாததைப் பட்டது என்று எழுதினால் வேலை போய்விடும். அப்படிப்பட்டவள்தான் இதைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

என் வீட்டுக்காரர் முருகையா பேக்டரி பஸ் ஓட்டுகிறவர். பிள்ளைகள் இரண்டும் வேலைக்குப் போன பிறகு, போன வருஷம்தான் நாங்கள் முதல் முறையாக வெளிநாடு போனோம். வியட்நாமில் ஹோய் ஆன் என்று ஆற்றங்கரையில் ஒரு பழைய ஊர். மஞ்சள் சுவர், ஓட்டுக்கூரை, தெருவுக்குத் தெரு பட்டு விளக்கு, பார்த்தால் நம் ஜார்ஜ் டவுன் கடைவீடுகளுக்குத் தங்கச்சி மாதிரி இருக்கும். ஆனால் கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறுகிற ஜனத்தை இரண்டு சந்துக்குள் திணித்தது போல.

"என்னலா இது, சூலியா தெருவுல பெருநாளுக்குக் கூட இப்படி நெருக்கடி இருக்காது," என்றார் அவர்.

சாயங்காலம் நான்கு மணிதான் இருக்கும், நல்ல வெயில். ஆற்றின் குறுக்கே இருந்த சின்னப் பாலத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம்.

"ஏங்க, கையைப் புடிச்சிக்குங்க. இங்க தொலைஞ்சா யார்கிட்ட போய்க் கேக்கறது?" என்றேன்.

"எல்லாரும் பாக்குறாங்க செல்வி."

"இங்க நம்மள யாருக்குத் தெரியும்?"

கல்யாணமாகி இருபத்துநாலு வருஷத்தில் தெருவில் என் கையைப் பிடித்த மனுஷன் இல்லை அவர். கூச்சம். நான் சிரித்துக்கொண்டே முன்னால் பாலத்தில் ஏறினேன். நடுப்பாலத்தில் கூட்டம் இடித்துத் தள்ளியபோது பின்னாலிருந்து ஒரு கை வந்து என் கையைப் பற்றியது. அடேயப்பா, வெட்கம் போய்விட்டதே என்று எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். திரும்பிப் பார்த்தால் விட்டுவிடுவாரோ என்றுதான் திரும்பாமலே நடந்தேன்.

பாலம் இறங்கி ஆற்றோரமாகப் பத்து நிமிஷம் நடந்திருப்போம். நான்தான் பேசிக்கொண்டே போனேன், பெரியவனுக்குப் பெண் பார்ப்பது, வீட்டுக்குச் சாயம் அடிப்பது என்று. அவர் ஒன்றும் பேசவில்லை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் கையை லேசாக அழுத்தினார். "அடுத்த வருஷமும் வருவோமா?" என்று கேட்டேன். அதற்கும் அழுத்தினார்.

அப்போது படகுக்காரி ஒருத்தி துடுப்பைக் காட்டி ஏறச் சொல்லிக் கூப்பிட்டாள். ஏறலாமா என்று கேட்கத்தான் திரும்பினேன்.

பின்னால் யாரும் இல்லை.

கூட்டம் எங்களைச் சுற்றி ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தது, ஆமாம், எங்களை என்றுதான் சொல்கிறேன், இரண்டு பேருக்கு வழி விடுகிற மாதிரி. நீட்டிய என் கைக்கு எதிரே வெறும் காற்று. ஆனால் பிடி இருந்தது. உள்ளங்கையின் நடுவிலும் மணிக்கட்டைச் சுற்றியும் என் தோல் அமுங்கியிருப்பதை நானே கண்ணால் பார்த்தேன். பிறகு ஒவ்வொரு விரலாக, அவசரமே இல்லாமல், அது என்னை விட்டது.

கத்தினேனா என்று தெரியவில்லை. வந்த வழியே ஓடினேன், யார் யாரையோ இடித்துத் தள்ளிக்கொண்டு பாலத்தைத் தாண்டினேன். பாலத்துக்கு அந்தப் பக்கம், நாங்கள் பேசிக்கொண்டிருந்த இடத்திலேயே, ஒரு தையல் கடைப் படியில் என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து கிடந்தார். சட்டை முழுக்க வேர்வை, முகம் சாம்பலாகிப் போயிருந்தது. கடைக்காரம்மா அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இரண்டு கோப்பை தேநீர். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு படியில் அவருக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தைப் பார்த்தாள், அவள் பாஷையில் ஏதோ கேட்டாள். எனக்குப் புரியவில்லை. அவளே டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டாள்.

இருதயத்தில் அடைப்பு. கொஞ்சம் தாமதமாகியிருந்தாலும் கஷ்டம் என்றார் டாக்டர். இரவெல்லாம் வராந்தாவில் உட்கார்ந்து, இந்த மனுஷனைப் படியில் விட்டுவிட்டு யாரோடு கதை பேசிக்கொண்டு போனேன் என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் கண் திறந்தார்.

"மன்னிச்சிக்குங்க, நான் கவனிக்காம போயிட்டேன்," என்று அழுதேன்.

"எங்க போன? நீதான் உடனே திரும்பி வந்துட்டியே."

"நானா?"

"பின்ன யாரு? நெஞ்சு அடைச்சிச்சு, கூப்பிடக் குரலே வரல. நீ வந்து பக்கத்துல உக்காந்து கையைப் புடிச்சிக்கிட்ட. ஒரு வார்த்தை பேசல, ஆனா விடவே இல்ல. அதனாலதான் தாங்குனேன் லா."

போர்வையை அவர் நெஞ்சு வரைக்கும் இழுத்துவிட்டேன். அதிர்ச்சி தரும்படி எதுவும் பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது நான் இல்லை என்று எப்படிச் சொல்வது? இன்று வரைக்கும் சொல்லவில்லை.

இப்போது நன்றாக இருக்கிறார், பஸ்ஸும் ஓட்டுகிறார். கூச்சமும் போய்விட்டது, பசாரில் மீன் வாங்கும்போது கூட என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். பார்க்கிறவர்கள் கேலி செய்கிறார்கள்.

போன வாரம் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். "அன்னைக்குப் புடிச்ச மாதிரி புடியேன்," என்றார். பிடித்தேன்.

"இப்படி இல்ல செல்வி."

என் விரல்களை அவரே ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கட்டைவிரல் உள்ளங்கையின் நடுவில் அழுந்த, மற்ற நாலும் மணிக்கட்டைச் சுற்றி.

"இப்படி," என்றார்.

அந்தப் பிடி எனக்கும் தெரியும்.