அண்ணையின் அறுபத்திரண்டு பக்கங்கள்

யூன் 17, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். மோட்டரைப் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். வாழைக்குத் தண்ணீர் விட்டேன். சீனி போடாத தேநீர். ஏழு மணிக்கு லப்டொப்பைத் திறந்தேன்.

செவ்வாய் காலையில் பத்திரிகைக்கு இந்தப் பத்தியை எழுதுவதுதான் வழக்கம். அன்று எழுதவில்லை. அண்ணை காலமாகி இருபத்தொரு நாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தை நாங்கள் கல்வெட்டு என்போம். அதில் அவருடைய வாழ்க்கை வரலாறு இரண்டு பக்கம் வரவேண்டும். புதன் காலைக்குள் அச்சகத்துக்குக் கொடுத்தாகவேண்டும்.

“நீர்தானே எழுதுறனீர், நீரே எழுதும்” என்று மச்சாள் ஒரு பென்டிரைவைத் தந்திருந்தார். மச்சாள் என்றது அண்ணையின் மனைவியை. நில அளவையாளராக இருந்து ஓய்வுபெற்றபின் அண்ணை கொம்பியூட்டரில் தட்டிவைத்த குறிப்புகள் அதில் இருந்தன. அறுபத்திரண்டு பக்கம். “அவர் எழுதினதை வைச்சே எழுதும். வேறை ஒண்டும் வேண்டாம்.” மச்சாள் கேட்டது அவ்வளவுதான்.

அவருடைய கொம்பியூட்டரிலேயே முதற் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டேன். வாசிக்க நேரமில்லை என்று மச்சாளிடம் சொன்னேன். உண்மை அதுவல்ல... வாசிக்க முடியவில்லை.

ஆகவே ஏஐயிடம் கொடுத்தேன்.

முதல் தடவை ஏற்றியபோது வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ரவுட்டரை நிறுத்திப் போட்டேன். இரண்டாம் தடவை, கோப்பு பெரிது என்றது. அண்ணை நடுநடுவே ஒட்டியிருந்த காணிப் படங்களை நீக்கினேன். மூன்றாம் தடவை, இந்த வகைக் கோப்பை ஏற்கமுடியாது, மன்னிக்கவும் என்றது. பிடிஎஃப் ஆக்கினேன். நான்காம் தடவை போய்விட்டது. நேரம் எட்டு நாற்பது. எல்லாவற்றையும் டயரியில் குறித்துவைத்தேன்.

“இவர் என் அண்ணை, ஓய்வுபெற்ற நில அளவையாளர், இவை அவருடைய குறிப்புகள். வாழ்க்கை வரலாறு எழுது” என்றேன். அரை நிமிடத்தில் எழுதித் தந்தது. என்ன அழகான தமிழ்! அதிகாலையில் எழுந்து தேவாரம் பாடுவாராம். அயலவர் குறைகளைப் பொறுமையாகச் செவிமடுப்பாராம். வாசிக்க வாசிக்க எனக்குக் கண் கலங்கியது. மளிகைக்கடைப் பில் துண்டையே மூன்று தடவை சரிபார்க்கிற ஆள் நான். இதில் ஒரு வரியையும் சரிபார்க்கவில்லை.

பதினொன்றரைக்கு அதை பிரிண்ட் எடுத்தேன். லப்டொப்பையும் தூக்கிக்கொண்டு கோப்பாயிலிருந்து சாவகச்சேரிக்கு இரண்டு பஸ் மாறிப் போனேன்.

ஏஐ எழுதியது என்று சொல்லி மச்சாளுக்கு வாசித்துக் காட்டினேன். தேவாரத்தில் நிறுத்தினார்.

“உந்தப் பெட்டி ஆரின்ரை செத்தவீட்டுக்கு எழுதினது?”

“ஏன் மச்சாள்?”

“அவர் எந்த நாள் பாடினவர்? கோயிலிலையே வாய் திறக்கமாட்டார். மற்றது, ஆரின்ரை குறையைக் கேட்டவர்? அந்தாளுக்கு இடது காது நாலு வருசமாக் கேளாது. உமக்குத் தெரியாதோ தம்பி?”

தெரியாது.

ஒவ்வொரு ஞாயிறும் போனேன். அவருடைய இடப்பக்கக் கதிரையில்தான் இருந்தேன். வீட்டுக்கு வந்து டயரியில் எழுதினேன்: “அண்ணை இன்றும் சரியாகக் கதைக்கவில்லை.” நான்கு வருடமும் அதே வரி.

“ஏன் மச்சாள் சொல்லயில்லை?”

“சொல்லக்கூடாது எண்டவர். தம்பி பிறகு கத்திக் கத்திக் கதைப்பான், தொண்டை நோகும் எண்டார்.”

அங்கேயே மேசையில் லப்டொப்பைத் திறந்து, காலையிலேயே கேட்டிருக்கவேண்டியதைக் கேட்டேன்: “கோப்பின் முதல் வரியை அப்படியே திருப்பித் தா.”

ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக ஒரு வரி வந்தது. அண்ணை தட்டியது பழைய பாமினி எழுத்துருவில். அந்த எழுத்துரு இருக்கிற திரையில், அவருடையதிலும் என்னுடையதிலும், அது தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்து. இயந்திரத்துக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லாமல், ஊரில் எந்த மனிதருக்கும் பொருந்துகிற ஒரு வாழ்க்கையை எழுதித் தந்துவிட்டது.

அதைக் குறை சொல்லலாம். அதற்கு அண்ணையைத் தெரியாது. எனக்கு?

இப்படிக் கோப்பு ஏற்றுகிறவர்கள் முதலில் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். பாமினியாக இருந்தால் யூனிகோட்டுக்கு மாற்றிவிட்டு ஏற்றுங்கள். மாற்றித் தரும் தளங்கள் இணையத்தில் இருக்கின்றன. இரண்டு நிமிட வேலை. நானும் மாற்றினேன். ஆனால் திரும்ப ஏற்றவில்லை. மாலை ஐந்தரை வரை அறுபத்திரண்டு பக்கத்தையும் மச்சாளுக்குச் சத்தமாக வாசித்தேன். “உது போடும்... உது வேண்டாம், அவருக்கு வெக்கமா இருக்கும்” என்று அவர் தெரிவுசெய்து தந்தார்.

நாற்பத்தேழாம் பக்கத்தில் இப்படி இருந்தது:

“ஞாயிறு. தம்பி வந்தான். ஏதோ நீளமாகச் சொன்னான். கேட்கவில்லை. தலையாட்டினேன். ஆறு மணிக்குப் போனான். பஸ் கிடைத்திருக்கும்.”

அடுத்த வரிக்குப் போகாமல் அதையே இன்னொரு தடவை வாசித்தேன். மச்சாள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

“உதையும் போடும்” என்றார்.

மறுநாள் காலை முதல் வேலையாக, அண்ணையின் வரிகளை அப்படியே அச்சகத்துக்கு அனுப்பினேன். அச்சகக்காரர் உடனே போன் எடுத்தார்.

“ஐயா, கீழை தொகுப்பு எண்டு உங்கடை பேரைப் போடட்டோ?”

“வேண்டாம். மச்சாளின்ரை பேரைப் போடுங்கோ. அவரைத் தெரிஞ்ச ஆள் அவாதான்.”